நீலகிரியில் மின்சார கார்: ஓட்டுகிறவர்கள் கொள்கையை மாற்ற முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் குடியிருந்து, வாரத்துக்கு இரண்டு முறையாவது கோவைக்கு இறங்கி ஏறுகிறவன் நான். கடந்த மூன்று ஆண்டுகளாக அந்தப் பயணம் மின்சார காரில்தான். பச்சை நம்பர் பலகையைப் பார்த்ததும் டீக்கடையிலும் வாகன நிறுத்தத்திலும் வந்து பேசுகிறவர்கள் முன்பெல்லாம் "மலை ஏறுமா?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "இங்கே ஏன் வசதி இல்லை, யாரைக் கேட்பது, கேட்டால் நடக்குமா?" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். ஆனாலும் முதல் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. கொள்கையில் எது பிசகியிருக்கிறது என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் தெரியும்.

மின்சார கார் ஊட்டிக்கு ஏறுமா?

ஏறும். எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதுதான் விஷயம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இடையில் ஏற வேண்டியது 1,900 மீட்டர். ஆட்களையும் பெட்டிகளையும் சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரில் சூடாக வீணாவது, சக்கர உராய்வு, விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 15, 16 யூனிட் ஆகும். சமவெளியில் அதே ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கு இதில் பாதிகூடச் செலவாகாது.

என் காரின் பேட்டரி 30 யூனிட். மேட்டுப்பாளையத்தில் 95 சதவீதத்தோடு கிளம்பினால் பர்லியாறு பழக்கடைகளை அடையும்போது 80 காட்டும். குன்னூரில் 60, ஊட்டியில் 43 அல்லது 44. நான்கு பேரும் நிறைய மூட்டையும் இருந்தால் இன்னும் ஓரிரண்டு குறையும். திரையில் காட்டும் "மீதி தூரம்" என்ற எண்ணை நம்பி முதல்முறை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலுள்ள கல்லாறு தாண்டியதும் பயந்துவிடுகிறார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்குள் மீதி தூரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் காணாமல் போயிருக்கும்! காரில் பழுது எதுவும் இல்லை. அந்த எண் சமவெளிச் சாலையை நினைத்துக்கொண்டு போடப்பட்ட கணக்கு, அவ்வளவுதான்.

இறங்கும்போது?

இறங்கும்போது சார்ஜ் ஏறும். மோட்டாரே மின்னாக்கியாக மாறி, காரைப் பிடித்து நிறுத்தும்போது கிடைக்கும் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் எனக்கு ஏழெட்டு சதவீதம் கூடுகிறது. மலைப்பாதையில் "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்ற பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிச் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளால்தான் அந்தப் பலகையே வந்தது. மின்சார காரில் மாற்றுவதற்கு கியர் இல்லை. மின்மீட்பு பிரேக்கின் அளவைக் கூட்டி வைத்துக்கொள்வதுதான் நமக்கு இரண்டாவது கியர்.

ஒரு எச்சரிக்கை. ஊட்டி விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது; மோட்டார் பிடிப்பு குறைந்து, சாதா பிரேக்கிலேயே பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் கடக்க வேண்டி வரும். 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. இதை ஒவ்வொரு விடுதியின் சார்ஜருக்கு மேலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது, இங்கே மின்சார கார் ஓட்டும் நாங்கள் சிலர் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகளில் ஒன்று. காகிதச் செலவைத் தவிர வேறு செலவு இல்லை.

குளிரும் மழையும் என்ன செய்யும்?

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலையில், திறந்தவெளியில் நின்ற கார் மந்தமாகத்தான் இருக்கும். குளிர்ந்த பேட்டரி வேகமான சார்ஜை ஏற்காது. முதல் சில கிலோமீட்டருக்கு மின்மீட்பும் குறைவாகவே இருக்கும். கூரைக்குக் கீழே நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மழையால் காருக்கு ஒன்றும் இல்லை. மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, ஒன்றரை நாள் கரண்ட் இல்லாமல் போவதுதான் தொல்லை. பருவமழைக் காலத்தில் நான் பேட்டரியை 50 சதவீதத்துக்குக் கீழே விடுவதில்லை.

கொள்கை என்கிறீர்களே, அதை எழுதுவது யார்?

ஒருவர் இல்லை, ஐந்து பேர். இது தெரியாமல்தான் பாதி மனுக்கள் தவறான மேசைக்குப் போய் உறங்குகின்றன.

வரியும் அடிப்படை விதிகளும் மத்திய அரசுடையவை. மின்வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். சார்ஜிங் நிலையம் வைக்க உரிமம் தேவையில்லை என்பதும் மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்தான். சாலை வரி மாநில அரசுடையது. தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2023 பிப்ரவரியில் வெளியானது, மின்வாகனங்களுக்கு 2025 இறுதி வரை முழுச் சாலைவரி விலக்கு தந்தது. சார்ஜிங் நிலையத்துக்கு யூனிட் என்ன விலை என்பதைத் தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மலைக்குள் எத்தனை வண்டி வரலாம், சீசனில் எந்த வழி ஒருவழிப் பாதை என்பதெல்லாம் நீதிமன்ற உத்தரவையும் மாவட்ட நிர்வாகத்தையும் சேர்ந்தவை. வாகன நிறுத்தத்தில் இடம் ஒதுக்குவது நகராட்சி.

ஓட்டுநர்களின் பேச்சு அதிகம் எடுபடும் இடங்கள் கடைசி மூன்றும்தான் என்பது என் கருத்து. டெல்லியில் ஒரு வரியைக் குறைக்க வைப்பது நம்மால் ஆகாது. குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் மூன்று வண்டிக்கு இடம் ஒதுக்க வைப்பது ஆகும்.

மாநிலக் கொள்கையில் நம் மலை இருக்கிறதா?

2023 கொள்கை மின்வாகன நகரங்களாக வளர்க்க ஆறு ஊர்களைக் குறித்தது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் அது புரிகிறது. ஆனால் அந்த ஆறு நகரத்து மின்சார கார்களும் மே மாதத்தில் எங்கே வருகின்றன? இங்கேதான். கோவையில் வாங்கி, கோவையில் பதிவுசெய்து, கோவைக் கணக்கில் எண்ணப்படும் கார் சார்ஜுக்கு நிற்பது ஊட்டி சேரிங்கிராஸில். குடியிருப்பவர்களை மட்டும் எண்ணினால் சுற்றுலா ஊரின் தேவை கணக்கில் வராது.

அடுத்தது, தூரம். 2022-இல் வந்த மத்திய வழிகாட்டுதல் நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையம், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்றது. சமவெளிக்கு அது நியாயமான அளவு. கல்லாறிலிருந்து மேலே 25 கிலோமீட்டர் என்பது சமவெளியின் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குச் சமம் என்பதை மேலே சொன்ன கணக்கிலேயே பார்த்தீர்கள். அதனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மலைச்சாலையில் சார்ஜிங் நிலையங்களின் இடைவெளியை உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஏறத்தாழ 700 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்று என்று வைத்தால் அடிவாரம், பாதிவழி, குன்னூர், ஊட்டி என்று இயல்பாகவே அமைந்துவிடும். கோத்தகிரிப் பாதைக்கும் கூடலூர்ப் பாதைக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

கொடைக்கானலுக்கும் இதே கதைதானா?

ஏறக்குறைய. வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிறவர்களும் பழனியிலிருந்து ஏறுகிறவர்களும் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஏறுகிறார்கள். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டரில் இருக்கிறது. நடுவே பெரிய ஊர் இல்லாதது அவர்களுக்குக் கூடுதல் சிரமம். எங்களுக்குக் குன்னூர் இருக்கிறது. பழனி மலை நண்பர்கள் தனியாக எண்களைச் சேகரித்தால் இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஒரே கோரிக்கையாக வைக்கலாம்.

இ-பாஸ் முறையில் மின்சார காருக்கு என்ன கேட்கலாம்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் கடையடைத்துப் போராடினார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, மே மாத வருமானத்தில்தான் பலருக்கு ஆண்டு முழுவதும் அடுப்பெரிகிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லவ்டேல் சந்திப்புப் பக்கம் நகராத வண்டிகளுக்கு நடுவே, டீசல் புகையில் இருமிக்கொண்டே பள்ளிக் குழந்தையைக் கூட்டி வந்தவர்களுக்கு வரம்பு ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையால் நமக்கு ஒரு பெரிய உதவி இருக்கிறது: எந்த வண்டி எப்போது வருகிறது என்ற விவரம் முதன்முறையாக ஓரிடத்தில் சேர்கிறது. நாங்கள் கேட்பவை இரண்டு. விண்ணப்பத்தில் கேட்கப்படும் எரிபொருள் விவரத்தை வைத்து, மாதம் எத்தனை மின்வாகனம் வந்தது என்று மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். அன்றாட வரம்புக்குள் மின்வாகனங்களுக்கென்று ஒரு பங்கை, எல்லோருக்கும் தெரியும்படி, தனியாக வைக்க வேண்டும். வரம்பே இல்லாமல் மின்வாகனங்களை விட்டுவிடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சாலையின் அகலம் பெட்ரோல் காருக்கும் மின்சார காருக்கும் ஒன்றுதான்.

வாடகை வீட்டில் சார்ஜ் போட முடியுமா? வீட்டுக்காரர் விடுவாரா?

முதலில் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். கார் வாங்கிய முதல் வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். பழைய தோட்டத்துப் பங்களாவின் ஒரு பகுதியில் குடியிருந்தேன். பிளக்கைச் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. கார் வாங்கிய இடத்தில் வீட்டைக் குறை சொன்னார்கள், வீட்டுக்காரர் காரைக் குறை சொன்னார். கடைசியில் பெட்போர்டு பக்கத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். சுவிட்ச் பலகையைக் கழற்றிக் காட்டினார்: மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. அறுபது வருடமாக அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர் ஹீட்டரும் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன! கொல்லையில் ஆள் நெஞ்சளவு குழி வெட்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினார். அன்று சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்கார அம்மா சார்ஜரைவிடக் குழியைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாள் பேத்தி இந்த ஹீட்டரில்தானே குளித்தாள்" என்றார். மறுவாரமே பக்கத்துப் பகுதிக்கும் எர்த் போடச் சொல்லிவிட்டார்.

அடுத்தது வோல்டேஜ். மாலை ஏழு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் வெந்நீர் போடும்போது எங்கள் வீட்டில் 185 வரை இறங்கியதை நான் குறித்து வைத்திருக்கிறேன். சார்ஜர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு பதினொன்றுக்கு மேல் போட்டால் சீராக ஏறும்.

சட்டம் நம் பக்கம்தான். இருக்கும் வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம். மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் வந்த திருத்தத்தின்படி, காருக்கென்று தனி இணைப்பும் கேட்கலாம். புது இணைப்பு தர நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று அதே திருத்தம் கெடு வைத்தது. மலைக் கிராமங்களுக்கு மட்டும் 30 நாள். கம்பம் நட, கம்பி இழுக்க மலையில் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் வாசலிலேயே கம்பம் இருக்கும் வீட்டுக்கும் 30 நாள் எதற்கு? இது மனுவில் எழுத வேண்டிய வரி.

எல்லோரும் மின்சார காருக்கு மாறினால் மலையில் கரண்ட் தாங்குமா?

பைக்காராவில் 1932-லேயே நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. பிறகு கனடா உதவியோடு குந்தா மின்நிலையங்கள் வந்தன. இப்போது 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்நிலையம் கட்டப்படுகிறது. மின்சாரம் பிறக்கும் இடத்தில் பஞ்சம் இல்லை. பெருங்கம்பிகளில் அது சமவெளிக்குப் போகிறது. நம் தெருவுக்கு வரும் மெல்லிய கம்பியும் பழைய டிரான்ஸ்ஃபார்மரும்தான் இடிக்கின்றன. எமரால்டு பக்கம் வீட்டுக்கு மேலேயே உயரழுத்தக் கம்பி போகும், வீட்டுக்குள் குழல்விளக்கு மினுக்கும். எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எவ்வளவு சுமை என்று மின்வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. மத்திய மின் அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரை, அதாவது சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரத்தை மலிவாகத் தரச் சொல்கிறது. சுற்றுலாக் கார்கள் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன? தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று இரண்டிரண்டு மணி நேரம் சும்மா நிற்கின்றன. அங்கே பெரிய விலையுள்ள அதிவேக சார்ஜர் வேண்டியதில்லை. சாதாரண 7 கிலோவாட் சார்ஜர் பத்து இருந்தால், பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் 12, 13 யூனிட் ஏறிவிடும். ஊட்டியிலிருந்து இறங்குவதற்கு அதுவே மிச்சம். மாலையில் ஊர் முழுக்க வெந்நீர் போடும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சுமை கூடாது. நகராட்சிக்கு நாங்கள் எழுதியவற்றில் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருக்கும் யோசனை இதுதான்.

ஓட்டுகிறவர்கள் சொல்லி எங்காவது கொள்கை மாறியிருக்கிறதா?

நார்வேயைச் சொல்லலாம். நம்மைப் போலவே மலை, குளிர், நீர்மின்சாரம். 1989-இல் ஒரு ஃபியட் பாண்டா காரை மின்சாரத்துக்கு மாற்றிக் கொண்டுவந்து, பெல்லோனா என்ற சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹாகேயும் பாடகர் மோர்டன் ஹார்கெட்டும் சாலைச் சுங்கம் கட்டாமல் ஓட்டினார்கள். அபராதம் விதித்தார்கள், கட்டவில்லை. காரைப் பறித்து ஏலம் விட்டார்கள். அவர்களே திரும்ப எடுத்தார்கள், மறுபடி ஓட்டினார்கள். 1995-இல் அங்கே மின்சார கார் சங்கம் உருவானது. 1997-இல் மின்சார காருக்குச் சுங்கம் நீக்கப்பட்டது. 2001-இல் மதிப்புக் கூட்டு வரியும் போனது. 2024-இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம் மின்சாரம். கார்கள் பெருகிய பிறகு சலுகைகளைப் படிப்படியாகக் குறைத்தும் வருகிறார்கள். அது சரியென்றே எனக்குப் படுகிறது. நாமும் சலுகை கேட்கும்போதே "இத்தனை ஆண்டுக்கு" என்று காலத்தைக் குறித்துக் கேட்டால், அதிகாரிக்கு ஒப்புக்கொள்வது எளிது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் மாவட்டத்தையே பாருங்கள். தமிழ்நாடு முழுவதும் பிளாஸ்டிக் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்த காலத்திலேயே, நீலகிரி பிளாஸ்டிக் பைகளை ஒழிக்க இறங்கிவிட்டது. பிறகு தண்ணீர் பாட்டிலுக்கும் தடை வந்தபோது, மாற்றாகச் சாலையோரம் குடிநீர் ஏடிஎம்களை வைத்தார்கள். மாநிலத்துக்கு முன்னால் மாவட்டம் நடந்த வரலாறு நமக்கு இருக்கிறது.

மனு எழுதினால் படிப்பார்களா? எப்படி எழுதுவது?

"சார்ஜிங் வசதி செய்து தரவும்" என்று எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும். எண்ணோடு எழுதினால் கதை வேறு.

காரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருங்கள். தேதி, கிளம்பிய இடம், அப்போதைய சதவீதம், சேர்ந்த இடம், அங்கே சதவீதம், வழியில் சார்ஜர் வேலை செய்ததா, எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள். அவ்வளவு போதும். நாங்கள் ஆறு பேர் இப்படி எழுதினோம். இரண்டு பேர் டாக்சி ஓட்டுகிறவர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் தேயிலை சிறு விவசாயி. ஒரு பொது வாகன நிறுத்தத்தில் இருந்த சார்ஜர் திரையில் வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது, மின்சாரம் வரவில்லை. நால்வரின் நோட்டிலிருந்தும் பதினொரு தேதிகளைச் சேர்த்து ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். வாங்கிய அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இது எங்களுக்கே தெரியாதே" என்றார். மூன்றாவது வாரம் அது சரியானது. பக்கத்தில் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் ஒட்டப்பட்டது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரிந்த நாட்கள். அங்கே தீர்மானம் ஆனால் அது வெறும் மனு இல்லை, ஆவணம். மின்கட்டணம் மாறும்போது ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்கிறது. அந்த விசாரணைகளில் ஆலை முதலாளிகள் வழக்கறிஞரோடு வருகிறார்கள். மலையிலிருந்து கார் ஓட்டுகிறவர் ஒருவர் போய்ப் பேசி நான் பார்த்ததில்லை. அடுத்த முறை நாங்கள் போவதாக இருக்கிறோம்.

டாக்சி ஓட்டுநர்களுக்கு இதில் என்ன லாபம்?

உள்ளூர் டாக்சிதான் மின்சாரத்துக்கு மிகவும் பொருத்தமான வண்டி. நாளுக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர், இரவு வீட்டில் நிற்கும், மேலேயே சுற்றும். 2018 அக்டோபர் அறிவிக்கையில் மத்திய அரசு மின்கல வாடகை வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்றது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி. இது தெரியாமல் பெர்மிட் எங்கே என்று வழிமறித்தவர்கள் உண்டு. அறிவிக்கையின் நகலைக் காரிலேயே வைத்திருங்கள்.

தடை கடன்தான். சீசனில் நிறைய வருமானம், ஜூலை மழையில் ஒன்றுமில்லை என்ற தொழிலுக்கு மாதாமாதம் ஒரே தவணை பொருந்தாது. ஏப்ரல், மே, அக்டோபரில் அதிகமும் மழை மாதங்களில் குறைவுமாகக் கட்டும் தவணையைக் கூட்டுறவு வங்கிகள் கொடுத்தால், இங்கே ஐம்பது டாக்சி உடனே மாறும் என்பது ஓட்டுநர் நிறுத்தத்தில் உட்கார்ந்து பேசிய அனுபவத்தில் நான் சொல்வது.

காருக்கு இவ்வளவு பேசுகிறீர்களே, பஸ் வேண்டாமா?

பஸ்தான் முதலில் வேண்டும். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு மின்சாரப் பஸ்ஸில் ஏறி வரும் வசதி வந்தால், என் கோரிக்கைகளில் பாதியை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன். கார் சார்ஜருக்காக இழுக்கும் கம்பியையே பஸ் பணிமனைக்கும் போதுமான தடிமனில் இழுக்கச் சொல்லி மனுவில் சேர்த்திருக்கிறோம்.

காட்டுக்குள் சார்ஜிங் நிலையம் வரலாமா?

கூடாது. மசினகுடி பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. மசினகுடிக்குச் சார்ஜர் வேண்டும் என்றால் ஊருக்குள், ஏற்கெனவே கட்டடம் இருக்கும் இடத்தில் மட்டும். இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரியும் நிலையத்தை யானை நடக்கும் இடத்தில் வைத்துவிட்டு, அதைப் பசுமைத் திட்டம் என்று சொல்லக் கூடாது. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருப்பது மின்சார காருக்கும்தான். சத்தமில்லாத வண்டி என்பதால் முதுமலையில் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். மான் நம் வரவைக் கேட்காது.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரித்த நிறுவனமே திரும்ப எடுக்க வேண்டும். மலையில் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

அடுத்த சீசனுக்குள் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

ஒரு பலகை. கல்லாறில், இ-பாஸ் பார்க்கும் இடத்தில். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று நான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் நேராக, இன்று எத்தனை சார்ஜர் வேலை செய்கிறது என்ற எண். காலையில் ஒருவர் நான்கு இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டுச் சுண்ணக்கட்டியால் எழுதினாலும் போதும். முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அதைப் படிக்கிறவர், மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பிப் போய் அரை மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு வரலாம். பலகையின் அளவு, வைக்க வேண்டிய இடம், நான்கு தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் எழுதி மனு தயாராக இருக்கிறது. கையெழுத்து இதுவரை முப்பத்தியிரண்டு. வரும் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.